மனநலம் கேள்வி–பதில்: போரின் வடு, நிறத்தின் வடு

போருக்குத் தப்பி வந்தவர்களும், வந்த இடத்தில் நிறத்தாலும் பெயராலும் காயப்பட்டவர்களும் அனுப்பிய கேள்விகள் இம்முறை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளர் குழு பதில் தருகிறது. கேட்டவர்களின் அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.

கேள்வி: செப்டெம்பர் தொடக்கத்தில் லேபர் டே வார இறுதி வந்தாலே 64 வயதான எங்கள் அம்மாவுக்கு வருத்தம் தொடங்கிவிடும். ரொறன்ரோ விமானக் கண்காட்சிக்காக ஏரிக்கு மேலே ஜெற் விமானங்கள் பறக்கும்போது குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். பிறகு ஒரு கிழமைக்கு நித்திரை இல்லை. நெஞ்சு நோவு, தலையிடி, கைகால் விறைப்பு, ஓயாத பெருமூச்சு. குடும்ப வைத்தியர் எல்லாப் பரிசோதனையும் சரி என்கிறார். அம்மாவோ, "எனக்கென்ன விசரே, ஏன் ஆரோடையும் போய்க் கதைக்க வேணும்?" என்கிறார். இத்தனை வருடத்துக்குப் பிறகு சிகிச்சை பலன் தருமா?
– மகள், எற்றோபிக்கோ

பதில்: தரும். வருடங்கள் கடந்துவிட்டது தடையல்ல.

இலங்கை விமானப்படைக்கு 1996இல் கிபிர் என்ற குண்டுவீச்சு ஜெற் விமானங்கள் வந்தன. அதன்பின் வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு அந்த இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் ஓடுவதுதான் உயிர் காத்த பழக்கம். அம்மா குளியலறைக்குள் போவதும் அதே பழக்கம்தான். சத்தம் ஓயும்வரை அவர் ஒளிந்தே இருப்பதால், 'இந்தச் சத்தத்துக்குப் பிறகு இங்கே குண்டு விழுவதில்லை' என்பதை அவருடைய உடல் கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை. பயம் வருடாவருடம் புதிதாகவே இருப்பதன் காரணம் இதுதான்.

பெருமூச்சும் விறைப்பும் பாசாங்கல்ல. யாழ்ப்பாணத்தின் உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் துயரம் நம் மக்களிடம் உடல் வருத்தமாக வெளிப்படுவதைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்திருக்கிறார். இதன் பொறிமுறையும் தெரிந்ததே. அடிக்கடி ஆழமாக மூச்சு இழுத்து விடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும். அதனால் விரல்கள் விறைக்கும், நெஞ்சு இறுகும். நெஞ்சு இறுகியதும் 'மாரடைப்போ' என்ற பயம் வரும், மூச்சு இன்னும் கூடும். வைத்தியரின் பரிசோதனை முடிவும் உண்மை, அம்மாவின் நோவும் உண்மை. ஆனாலும் இ.சி.ஜி., தைரொயிட், ஹீமோகுளோபின் ஆகியவற்றோடு பி12 அளவும் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடும் முதியவர்களின் விறைப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

'கவுன்சிலிங்' என்று சொல்லி அழைக்காதீர்கள். "நித்திரைக்கும் நெஞ்சு நோவுக்கும் ஒராளைப் பாப்பம் அம்மா" என்று சொல்லுங்கள். அதில் பொய் இல்லை, அவர் தீர்க்க விரும்பும் பிரச்சினையும் அதுதான். மீதியை விளக்கிச் சம்மதம் வாங்குவது சிகிச்சையாளரின் பொறுப்பு.

நல்ல சிகிச்சையாளர் முதல் நாளே கேள்விப்படிவத்தை நீட்டமாட்டார். நித்திரை, பசி, ஊர், வீட்டில் யார் யார், இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்று தொடங்குவார். நேர்த்தி வைத்ததும் நூல் கட்டியதும் எண்ணெய் தேய்த்ததும் அந்தக் கணக்கில் வரும். அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பில் இதற்கென்றே 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணல் ஒன்று இருக்கிறது. "உங்கட ஊர்ச்சனம் இந்த வருத்தத்தை என்னெண்டு சொல்லுவினம்?" என்ற ஒரு கேள்விக்கு வரும் பதில், பத்துப் படிவங்கள் தராததைத் தரும்.

அதன்பிறகு வருவது பி.சி.எல்–5 என்ற 20 கேள்விப் படிவம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. கூட்டுத்தொகை 31–33ஐ எட்டினால் பி.ரி.எஸ்.டி. (கொடிய அனுபவத்துக்குப் பின் வரும் மனவடு நோய்) இருக்கக்கூடும் என்று எடுத்து, நேர்காணலில் உறுதிசெய்வார்கள். நம்மவர்களிடம் இது பிழைக்கும் இடங்கள் உண்டு. 'தவிர்க்கிறீர்களா' என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். செய்தி பார்ப்பதையும் ஏரிக்கரைக்குப் போவதையும் எப்போதோ விட்டுவிட்டதால், தவிர்ப்பதற்கு இப்போது எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் உதாரணத்தோடு கேட்க வேண்டும்.

பயத்தை 'நூறுக்கு எத்தனை' என்று கேட்பது வழக்கம். எண்ணில் சொல்லிப் பழகாத முதியவர்களிடம் 'தண்ணீர் கணுக்காலளவா, முழங்காலளவா, கழுத்தளவா' என்று சில சிகிச்சையாளர்கள் கேட்பதுண்டு. 2009 மே மாதம் நந்திக்கடலைக் கழுத்தளவு தண்ணீரில் கடந்தவரிடமும், 2004 சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடமும் இந்த அளவுகோலை எடுக்கவே கூடாது. கறியின் உறைப்பு அளவைக் கேட்டால் போதும்.

விமானச் சத்தத்துக்கான பயிற்சியை ஓகஸ்ட்டில் தொடங்கினால் காலம் போதாது. பெப்ரவரி, மார்ச்சில் தொடங்குங்கள். முதலில் பயணிகள் விமானத்தின் படம், பிறகு ஒலி இல்லாத வீடியோ, பிறகு பகல் வெளிச்சத்தில் குசினிக் கதவு திறந்திருக்க, மிகக் குறைந்த ஒலியில் ஜெற் இரைச்சல். ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது நிறுத்தினால் பயம்தான் பலப்படும். படிகளை அம்மாதான் தெரிவுசெய்ய வேண்டும், வேகத்தைச் சிகிச்சையாளர் பார்த்துக்கொள்வார். தொலைபேசியில் கிபிர் காணொளி போட்டுக் காட்டி வீட்டில் நீங்களே இதைச் செய்யப் புறப்படாதீர்கள்.

இந்த வருடம் அவ்வளவு நேரம் இல்லையென்றால், கண்காட்சிக்கு முந்திய ஒத்திகை நாட்களையும் சேர்த்து ஏரிக்கரையிலிருந்து தூரமாக உள்ள உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். அது சிகிச்சை ஆகாது, ஆனாலும் வேண்டிய உதவி. போக முடியாவிட்டால் பறக்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஏனென்றால் எதிர்பாராத சத்தமே அதிகம் தாக்கும். சத்தம் வரும்போது பக்கத்தில் இருங்கள். கண் திறந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கையில் ஒரு ஐஸ்கட்டி இருக்கட்டும். "இது எற்றோபிக்கோ அம்மா. கண்காட்சிப் பிளேன். கொஞ்ச நேரத்தில சத்தம் நிக்கும்" என்று சொல்லுங்கள். "ஒண்டுமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அம்மாவுக்கு அங்கே நிறைய இருந்தது.

கேள்வி: சிகிச்சைக்குப் போன இடத்தில் விளக்கைக் குறைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூச்சைக் கவனி, உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனி என்றார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. தடுப்பில் இருந்த நாட்கள் அப்படியே வந்தன. இரண்டாம் முறையோடு விட்டுவிட்டேன். இது நமக்குச் சரிவராத வைத்தியமா?
– 38 வயது, ஏஜாக்ஸ்

பதில்: உங்களுக்குச் சரிவராதது அந்தப் பயிற்சி மட்டும்தான். இருட்டறை, மூடிய கண், பின்னால் கதவு, அமைதி ஆகியவை அலுவலக மன உளைச்சல் உள்ளவருக்கு ஓய்வு தரலாம். கண்கட்டி விசாரிக்கப்பட்டவருக்கு அது விசாரணை அறை. பெற்றோல் நனைத்த பிளாஸ்ரிக் பையை முகத்தில் கட்டும் சித்திரவதை இலங்கையில் ஆவணப்படுத்தப்பட்ட ஒன்று. அதை அனுபவித்தவரிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னால் அவர் அந்தப் பையைத்தான் கவனிப்பார். உடம்பைப் பகுதி பகுதியாகக் கவனிக்கச் சொல்வதும் அடிபட்ட இடங்களை ஒவ்வொன்றாக எழுப்பிவிடும். இதை முதல் அமர்வில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் எங்களுக்கு மனவருத்தம்.

மாற்றி அமைக்கும் விதம் இது: கதவு உங்கள் கண்ணில் படும்படி கதிரை, கதவு பூட்டப்படாது, விளக்கு முழு வெளிச்சம். கண் திறந்தபடி சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை, நன்றாக இருக்கும் நேரத்திலேயே பழகுங்கள். பதற்றம் வந்தபிறகு முதல்முதலாகச் செய்து பார்த்தால் வேலை செய்யாது. மூச்சே ஆகாதென்றால் அதை விட்டுவிட்டு, அடியெண்ணி நடங்கள், அல்லது கையில் எதையாவது உருட்டுங்கள்.

பழகிய பிரார்த்தனைச் சொல்லை மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்வதும் உதவும். யாழ்ப்பாணத்தில் இந்துக்களுக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று இதை முறைப்படி பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் பெயரைப் பார்த்து மதத்தை ஊகித்து மந்திரத்தைக் கையில் தரக்கூடாது. பங்கருக்குள் விடாமல் தேவாரம் பாடியவர்கள் சிலருக்கு அந்தத் தேவாரமே பங்கரை மீட்டுவிடும். கேட்ட பிறகுதான் எதையும் பயன்படுத்த வேண்டும்.

இத்தகைய முறைகளைச் சில்லறை என்று ஒதுக்கவும் வேண்டாம். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், வாழ்க்கையில் நடந்ததை வரிசையாகச் சொல்லவைக்கும் 'கதைசொல்லும் சிகிச்சை' ஒரு பகுதியினருக்கும் தியானமும் தளர்வுப் பயிற்சியும் மறுபகுதியினருக்கும் உள்ளூர் உளவளத்துணையாளர்களால் தரப்பட்டன. இரு பகுதியினரும் நன்றாகத் தேறினார்கள்.

அதே இடத்துக்குத் திரும்பிப் போக விருப்பமென்றால், "கண் மூடவும் மூச்சைக் கவனிக்கவும் என்னால முடியாது. வேற என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். அவர் காரணத்தை விசாரித்து மாற்றினால் தொடருங்கள். "எல்லாருக்கும் இதுதான் முறை" என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

கேள்வி: 'பண்பாட்டுக்கு ஏற்ப அமைத்த சிகிச்சை' என்று இப்போது எல்லோரும் விளம்பரம் போடுகிறார்கள். உண்மையானதை எப்படி அறிவது?
– ம. சி., மார்க்கம்

பதில்: வரவேற்பறையில் பிள்ளையார் படமும் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமும் வைப்பது மேற்பூச்சு. அதுவும் வேண்டியதுதான், ஆனால் போதாது. சிகிச்சையில் எதையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும் என்பதற்கு 1995இல் பெர்னால் குழுவினர் எட்டு விடயங்களைச் சொன்னார்கள்: மொழி, ஆட்கள், உவமைகள், உள்ளடக்கம், கருத்துகள், இலக்குகள், முறைகள், சூழல். எங்கள் அனுபவத்தில் அதிகம் கோட்டைவிடப்படுவது இலக்கு. 'தனித்து முடிவெடுக்கும் ஆற்றல்' என்று சிகிச்சையாளர் எழுதிவைப்பார். வந்தவருக்கு வேண்டியதோ மருமகளோடு ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருப்பது.

ரொறன்ரோவின் சி.ஏ.எம்.எச். மனநல மருத்துவமனையில் உளமருத்துவர் பாரூக் நயீம் முன்னின்று, எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்து மாற்றும் சி.பி.ரி. சிகிச்சை முறையைத் தெற்காசியக் கனடியர்களுக்காகத் திருத்தியமைத்தார்கள். அதே மருத்துவமனையிலிருந்து கரிபியன் வம்சாவளியினருக்கான கையேடும் வந்திருக்கிறது. தெற்காசியர் என்றால் எல்லோரும் ஒன்றல்ல. பஞ்சாபிக் குடும்பத்துக்கென்று எழுதிய உதாரணத்தை யாழ்ப்பாணத்தவருக்கு அப்படியே வாசித்துக் காட்டினால் அதுவும் மேற்பூச்சுத்தான்.

மாற்றக்கூடாததும் ஒன்று உண்டு. மனவடுச் சிகிச்சையின் உயிர், அந்த நினைவை நேருக்கு நேர் பாதுகாப்பாகத் தொடுவது. நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயத்தைக் குறைக்கும் 'நீடித்த வெளிப்படுத்தல்' முறையில் இது பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம் வரை. அந்த நிகழ்வால் மனதில் பதிந்த முடிவுகளைச் சோதிக்கும் 'அறிவாற்றல் செயலாக்க' முறையில் சுமார் 12 அமர்வு. "நம்ம ஆக்கள் இதையெல்லாம் கதைக்கமாட்டினம்" என்று சொல்லி நினைவைத் தொடாமலே ஒரு வருடம் ஆறுதல் வார்த்தை மட்டும் தருபவர் பண்பாட்டை மதிக்கவில்லை, சிகிச்சையைத் தரவுமில்லை. நினைவைத் தொடும் பாதையையும் வேகத்தையும் மொழியையும்தான் மாற்றலாம்.

முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள்: மனவடுவுக்கு எந்த முறையில் பயிற்சி பெற்றீர்கள்? எத்தனை அமர்வு? முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பீர்கள்? எங்கள் மொழி, சமயம், குடிவரவு நிலை இவற்றுக்காக எதை மாற்றுவீர்கள்? நாலாவதற்கு உதாரணத்தோடு பதில் வராவிட்டால் யோசியுங்கள். பதிவையும் சரிபாருங்கள். ஒன்ராறியோவில் பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளர்களின் கல்லூரி (தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) 2015 முதல் இயங்குகிறது. அதன் பொதுப் பதிவேட்டைக் கணினியில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். உளவியலாளர், சமூகப்பணியாளர் ஆகியோருக்குத் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு.

கேள்வி: 2009இல் சரணடைந்த என் கணவர் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. சிகிச்சையாளர் 'ஏற்றுக்கொள்ளுங்கள், விடைகொடுங்கள்' என்கிறார். மாமியார் வீட்டில் அந்தியேட்டி (இறந்தவருக்கான கிரியை) செய்யச் சொல்கிறார்கள், என் மகள் கூடாது என்கிறாள். பொட்டு வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாலும் பேச்சு, வைக்காமல் போனாலும் பேச்சு.
– வாசகி, பிரம்டன்

பதில்: இறந்தவருக்கான துக்கத்தைக் கையாளும் முறை உங்களுக்குப் பொருந்தாது. போலின் பாஸ் என்ற குடும்பச் சிகிச்சையாளர், உடலும் செய்தியும் கிடைக்காத இழப்பைத் 'தெளிவற்ற இழப்பு' என்று தனியாகப் பிரித்து விளக்கினார். இதில் முடித்துவைப்பது இலக்கல்ல. 'இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்' என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு அன்றாடத்தை நடத்தும் பலத்தைக் கூட்டுவதுதான் இலக்கு. உங்கள் சிகிச்சையாளரிடம் இந்தச் சொல்லையே சொல்லுங்கள். நல்லவரென்றால் தேடிப் படித்துவிட்டு வருவார்.

'ஏற்றுக்கொள்' என்ற சொல் உங்களிடம் கணவரைக் கைவிடச் சொல்வதாகக் கேட்கும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 2017 முதல் தெருவோரத்தில் இருந்து கேட்கும் தாய்மாரும் மனைவியரும் கேட்பது பதிலைத்தான். அரசு சொல்ல வேண்டிய பதிலை, மனதைச் சரிசெய்து நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

அந்தியேட்டி பற்றி எந்தச் சிகிச்சையாளரும் உங்களுக்காக முடிவு சொல்லக்கூடாது. மாமியாரை, மகளை, உங்களை ஒரே அறையில் இருத்தி, ஒவ்வொருவரும் அந்தச் சடங்கு நடந்தால் என்ன பயம், நடக்காவிட்டால் என்ன பயம் என்று சொல்ல வைப்பதுதான் அவர் வேலை. வயதான தாய்க்குப் பெரும்பாலும் தான் கண்மூடும் முன் மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாக வேண்டுமே என்ற பதைப்பு. பிள்ளைக்கு அப்பாவைக் கொன்றுவிடுகிறோமோ என்ற பதைப்பு. இறந்தவருக்குரிய கிரியையாக இல்லாமல் அவர் பிறந்தநாளில் அன்னதானம், அவர் பெயரில் அர்ச்சனை என்று இருவரும் தாங்கக்கூடிய ஒன்றைச் சில குடும்பங்கள் கண்டிருக்கின்றன. அர்ச்சனை உயிரோடு இருப்பவருக்கும் செய்வதுதானே.

பொட்டு உங்கள் முடிவு. ஊர்ப்பேச்சுக்குச் சொல்ல ஒரே ஒரு வசனத்தைத் தயார்செய்து, அமர்வில் வாய்விட்டுப் பழகுங்கள்: "அவரைப் பற்றித் தகவல் வரேல்லை. வந்தாச் சொல்லுறன்." அதற்குமேல் விளக்கம் சொல்லத் தொடங்கினால் பேச்சு வளரும்.

கேள்வி: அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. 14 வயது மகனை மொழிபெயர்க்க வைக்கலாமா?
– க. த., ஸ்காபரோ

பதில்: கூடாது. தாத்தா சித்திரவதையைச் சொல்லமாட்டார், சொன்னால் அந்தப் பிள்ளை அதைச் சுமக்கும். மனைவியோ மகளோ மொழிபெயர்த்தாலும் இதே கதைதான்.

பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நம் சமூகம் சிறியது என்று பயமிருந்தால், வேறு நகரத்திலிருந்து தொலைபேசியில், காணொளி இல்லாமல், அப்பாவின் பெயர் சொல்லாமல் ஏற்பாடு செய்யலாம். இலங்கைத் தமிழ் பேசுபவரா என்று முன்கூட்டியே கேளுங்கள். 'யோசினை' (கவலை), 'ஓங்காளம்' (குமட்டல்) போன்ற சொற்களில் தமிழ்நாட்டவர் தடுமாறக்கூடும். அமர்வுக்கு முன் சிகிச்சையாளரும் மொழிபெயர்ப்பாளரும் பத்து நிமிடம் கதைத்துக்கொள்ள வேண்டும். 'நான்' என்று அப்பா சொன்னால் 'நான்' என்றே வர வேண்டும், 'அவர் சொல்கிறார்' என்று வரக்கூடாது. சுருக்குவதும் நாகரிகப்படுத்துவதும் பிழை. எல்லாம் இரண்டு தடவை சொல்லப்படுவதால் 50 நிமிட அமர்வில் பாதிதான் நடக்கும். 90 நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தமிழ்ச் சிகிச்சையாளரிடம் போனால் கோயிலிலும் கலியாண வீட்டிலும் அவரையே சந்திக்க நேருமே? சொன்னது குடிவரவுக்குப் போகுமா?
– பெயர் வேண்டாம்

பதில்: முதல் அமர்விலேயே உடன்பாடு செய்துகொள்ளுங்கள். வெளியில் கண்டால் நீங்கள் வணக்கம் சொல்லாமல் அவர் சொல்லமாட்டார், சொன்னாலும் சிகிச்சை பற்றி ஒரு சொல் வராது. அவர் உங்கள் உறவினராகவோ, ஒரே சங்க நிர்வாகத்திலோ இருந்தால் உங்களை எடுக்கக்கூடாது, வேறொருவரிடம் அனுப்ப வேண்டும்.

உங்கள் கோப்பு உங்கள் சம்மதமில்லாமல் குடிவரவுக்கோ முதலாளிக்கோ கணவருக்கோ போகாது. விதிவிலக்குகளைத் தெரிந்துவைத்திருங்கள்: உங்களுக்கோ பிறருக்கோ பாரிய ஆபத்து இருந்தால், 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தீங்கு நடக்கும் சந்தேகம் வந்தால், நீதிமன்றம் உத்தரவிட்டால். இவற்றைக் கதை தொடங்கும் முன்னரே சிகிச்சையாளர் சொல்ல வேண்டும். கோப்பு கடைசித் தொடர்பிலிருந்து குறைந்தது 10 வருடம் பேணப்படும்.

கேள்வி: முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை. 'அந்தக் கறுத்தக் கை என்னில் படக்கூடாது' என்று ஒரு முதியவர் சொல்வார். மேலாளர் 'அவருக்கு மறதி நோய், விடுங்கோ' என்கிறார். இப்போது வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறவே வயிற்றைப் பிரட்டுகிறது. இதையும் மனவடு என்பார்களா?
– பராமரிப்பாளர், மிஸிஸாகா

பதில்: பி.ரி.எஸ்.டி. என்று எழுத, உயிராபத்தோ பாரிய காயமோ பாலியல் வன்முறையோ நேர்ந்திருக்க வேண்டும் என்கிறது வகைப்பாடு. தினசரி இனவெறிச் சொல் அந்த வரையறைக்குள் வராமல் போகலாம். அதற்காக வருத்தம் பொய்யாகிவிடாது. ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மொனிக்கா வில்லியம்ஸ் குழுவினர் இனவெறியால் வரும் மனவடுவை மதிப்பிடத் தனி நேர்காணலே அமைத்திருக்கிறார்கள். 'இங்கும் நாங்கள் வேண்டாத சனம்தான்' என்ற பழைய நினைவை, தமிழர்மீதான 1983 வன்முறையைக் கண்டவர்களிடம், முதியவரின் அந்த ஒரு வசனம் எழுப்பிவிடும்.

இங்கே சிகிச்சை வழக்கமாகப் பிழைக்கும் இடத்தைச் சொல்கிறோம். சி.பி.ரி.யில் 'இந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன' என்று கேட்பது வழக்கம். 'அவர் இனவெறியில் சொன்னாரா' என்பதை அப்படிச் சோதிக்கத் தொடங்கினால், மேலாளர் செய்ததையே சிகிச்சையாளரும் செய்கிறார். நடந்தது நடந்ததுதான். சோதிக்க வேண்டியது அதிலிருந்து உங்களுக்குள் வளர்ந்த முடிவு: 'நான் இதைச் சகித்துத்தான் ஆக வேணும்', 'நான் வாயில்லாத ஆள்'. மறதி நோய் அந்த முதியவரின் பேச்சுக்கு விளக்கமாகலாம். உங்களைப் பாதுகாக்காமல் விட்டதற்கு அது விளக்கமல்ல. பலருக்கும் அந்த இரண்டாவதுதான் ஆழமாக இறங்கும். அதைத் தனியாகக் கதைக்க வேண்டும்.

கூடவே ஒரு கொப்பியில் திகதி, நேரம், சொன்ன சொல் அப்படியே, யார் இருந்தார்கள், யாருக்கு அறிவித்தீர்கள், என்ன பதில் என்று அன்றன்றே எழுதுங்கள். இருவராகச் சென்று பராமரிக்கும் ஏற்பாட்டை மின்னஞ்சலில் கேளுங்கள், வாயால் கேட்டது பதிவாகாது. ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொடர்ச்சியான சம்பவங்களென்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு.

கேள்வி: உளச்சிகிச்சை படிக்கும் மாணவி நான். கதைசொல்லும் வெளிப்படுத்தல் சிகிச்சையில் கயிறும் கல்லும் பூவும் வைக்கும் அமர்வை நம் முதியவர்களோடு எப்படி நடத்துவது?
– மாணவி, ரொறன்ரோ

பதில்: ஷவர், நொய்னர், எல்பேர்ட் ஆகியோர் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை இது. தரையில் நீட்டிய கயிறு ஒருவரின் வாழ்க்கை. பிறப்பிலிருந்து தொடங்கி நல்லதுக்குப் பூ, கொடியதுக்குக் கல். துக்கத்துக்கு மெழுகுதிரியும் தான் செய்த வன்முறைக்குத் தடியும் வைப்பதுண்டு. கயிற்றின் கடைசிப் பகுதி சுருட்டியபடி இருக்கும், அது இனி வரும் காலம்.

கட்டப்பட்டவருக்கும், தூக்குப்போட்டு இறந்தவரை வீட்டில் கண்டவருக்கும் கயிறு ஆகாது. சேலைக்கரை அல்லது அகலமான ரிபன் எடுங்கள். முழங்கால் நோவுள்ளவரைத் தரையில் இருத்தாமல் நீண்ட மேசையில் வையுங்கள். பூவைப் பற்றி அவசரப்படாதீர்கள். நம் முதியவர்கள் கல்லைத்தான் முதலில் தூக்குவார்கள். "பள்ளிக்கூடம், முதல் பிள்ளை, சொந்தக் காணி" என்று நீங்கள்தான் பூவுக்கு இடம் காட்ட வேண்டும்.

அன்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெயர், இடம், காலம் போதும். விபரத்துக்குள் இறங்கவிட்டால் ஒரே அமர்வில் பத்துக் கல்லும் உருண்டு, மறுமுறை அவர் வரமாட்டார். விபரம் அடுத்தடுத்த அமர்வுகளில், ஒரு நேரத்தில் ஒரு கல், 90 நிமிடத்துக்குக் குறையாமல், பயம் இறங்கும்வரை. எழுதியதை அடுத்தமுறை தமிழில் வாசித்துக் காட்டித் திருத்துங்கள்.

தடி வைக்கும் இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். பலர் கட்டாயத்தின் பேரில் இயக்கத்தில் சேர்க்கப்பட்டவர்கள். புலிகள் அமைப்பு 2006 முதல் கனடாவின் பயங்கரவாதப் பட்டியலில் இருக்கிறது. குடிவரவு வழக்கு நடக்கும் ஒருவர் எழுத்தில் எதை வைப்பது என்று முதலில் தன் வழக்கறிஞரோடு கதைக்க வேண்டும். முடிவில் தரும் எழுத்துப் பிரதியை அவர் வீட்டில் யார் திறந்து பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள்.

கேள்வி: இவ்வளவுக்கும் காசு?
– வாசகர், ஒஷாவா

பதில்: தனியார் அமர்வு பெரும்பாலும் 120 முதல் 200 டொலர் வரை. ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஒஹிப் இதைத் தராது. குடும்ப வைத்தியரும் அவர் அனுப்பும் உளமருத்துவரும்தான் ஒஹிப்பில் வருவார்கள். 2024 ஜூன் 20 முதல் உளச்சிகிச்சைக்கு எச்.எஸ்.ரி. வரி இல்லை, பில்லில் சேர்த்திருந்தால் கேளுங்கள். வேலையிடக் காப்புறுதியில் 'உளவியலாளர், சமூகப்பணியாளர்' என்று மட்டும் இருந்தால் உளச்சிகிச்சையாளரின் பில் ஏற்கப்படாமல் திரும்பி வரும். முதலில் காப்புறுதிக்கு அழைத்துக் கேட்டுவிட்டு ஆளைத் தெரிவுசெய்யுங்கள்.

18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்ராறியோவின் கட்டமைக்கப்பட்ட உளச்சிகிச்சைத் திட்டம் இலவசம், பி.ரி.எஸ்.டி.யும் அதில் அடங்கும். அகதிக் கோரிக்கையாளருக்கு இடைக்கால சமஷ்டி சுகாதாரத் திட்டம் முன்னனுமதியோடு உளச்சிகிச்சைக்கு உதவும். விதிகள் மாறுவதால் உங்கள் பங்குக்குக் கட்டணம் உண்டா என்று தொடங்கும் முன் கேளுங்கள். சித்திரவதைக்கும் போருக்கும் தப்பியவர்களுக்கு ரொறன்ரோவில் கனடிய சித்திரவதைக்குள்ளானோர் மையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கட்டணம் இல்லை.

காத்திருக்கும் நாட்களில் உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் 9-8-8க்கு அழையுங்கள், அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். 24 மணிநேரமும் இயங்கும். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் பேசுவார்கள், ஆகவே அம்மா, அப்பாவுக்காக அழைப்பவர் பக்கத்திலேயே இருங்கள். உடனடி ஆபத்தென்றால் 9-1-1. தமிழில் சேவைகளைத் தேட 2-1-1.